புள்ளி வைக்காத கண்கள்

கறுப்புத் தாளில் படம் கீறுவது சோம்பேறிக்கு வாய்த்த வேலை, பிள்ளை. பாதியைத் தாளே செய்துவிடும். தலைமயிரைக் கீறத் தேவையில்லை. கண்மணியைக் கீறத் தேவையில்லை. வெளிச்சம் விழுந்த இடங்களை மட்டும் வெள்ளைக் கரித்துண்டால் தொட்டுக்கொண்டு போனால், ஆள் தானாக எழும்பி வந்து முன்னால் இருப்பான். பள்ளிக்கூடத்திலும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். விட வேண்டிய இடத்தை விடத் தெரிந்தால் போதும்.

தேத்தண்ணி ஆறுகிறது, குடியுங்கள். என் மனைவி வசந்தமலர் ஊற்றியது. உங்களுக்கு ஊற்றித் தந்துவிட்டு என்னைப் பார்க்காமலே குசினிக்குள் போய்விட்டாள், கண்டீர்கள்தானே. ஒரு கிழமையாக இப்படித்தான்.

இதற்காக நிறஞ்சலா முருங்கனுக்குப் போய் ஒரு சட்டத்தரணியைக் கூட்டிவந்திருக்கத் தேவையில்லை. அவரே வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது படலையில் நிற்கிற ஓட்டோவுக்குள் இருந்துகொண்டு, மாஸ்டருடைய முற்றத்தை மிதிக்க மாட்டேன் என்கிறாராம். அது அவர் விருப்பம். ஓட்டோ வந்து நின்றபோது யன்னலால் பார்த்தேன். கழுத்தில் தாலி கிடந்தது. மூன்று வருடத்துக்கு முன் கழற்றியதை மறுபடியும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

உங்களுடைய கேள்வி ஒன்றுதான். மேசையில் நீங்கள் விரித்து வைத்திருக்கிற படத்தில் இருப்பவன், நிறஞ்சலாவின் புருசன் லோறன்ஸ், இப்போது எங்கே இருக்கிறான்? சொல்கிறேன். ஆனால் முதலில் இருந்து சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் என்னைப் பிழையாக விளங்கிக்கொள்வீர்கள்.

எங்களுடையது மாந்தைப் பக்கத்து வயல்காரக் குடும்பம். திருக்கேதீஸ்வரத்தில் திருவிழா என்றால் நாதஸ்வரமும் தவிலும். வங்காலையில் திருநாள் என்றால் கூத்தும் ஆர்மோனியமும். நான் இரண்டுக்கும் போவேன். எனக்குச் சங்கீதம் துப்புரவாகத் தெரியாது. தாளம் தப்பினால்கூடப் பிடிபடாது. ஆனால் வாசிக்கிறவனுடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். சாமி கும்பிடுகிறவனுக்கும் அது வராது, காதலிக்கிறவனுக்கும் வராது. அதைப் பிடிக்கத்தான் நான் கீறத் தொடங்கினேன். பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் நல்ல தாளுக்கு எங்கே போவது? ஆஸ்பத்திரியில் வேலைசெய்த பஸ்ரியன், எக்ஸ்ரே பிலிம்களுக்கு இடையில் வைத்து வருகிற கறுப்புத் தாளை எனக்கென்று எடுத்துவைப்பான். கரித்துண்டு கிடைக்காவிட்டால் வகுப்பு வெண்கட்டியே கதி.

கண்ணில் புள்ளி வைப்பது எனக்குக் கடைசி வேலை. கோயிலில் புது வாகனத்துக்குக் கண் திறக்கிறதைச் சின்ன வயதில் பார்த்து எடுத்த பழக்கம் அது. உயிரோடு இருக்கிறவருக்கு இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளி வைப்பேன். காலமானவருக்கு வைக்க மாட்டேன். நான் கீறிய ஒருவர் இறந்துபோனால் செத்தவீட்டன்றே படத்தைக் கொண்டுவந்து தருவார்கள். சாப்பிடுகிற பாணின் மெத்தென்ற உட்பக்கத்தைப் பிசைந்து உருட்டி, அந்த இரண்டு புள்ளியையும் ஒற்றி எடுத்துவிடுவேன். பிறகுதான் படத்துக்கு மாலை விழும். கூத்து அண்ணாவியார் அந்தோனிமுத்துவுக்கு அப்படி எடுத்தபோது, அதுவரை அழாமல் நின்ற அவருடைய பெண்சாதி அந்த இடத்தில்தான் விழுந்து அழுதார். எங்கள் பக்கத்தில் வேதக்காரர், சைவக்காரர் என்று வித்தியாசம் இல்லாமல் எல்லாருக்கும் இது தெரியும். நவரத்தினம் மாஸ்டர் புள்ளியில் பொய் சொல்ல மாட்டார் என்பார்கள்.

லோறன்சை முதன்முதலில் கீறியபோது அவனும் பகிடி விட்டான். "மச்சான், புள்ளியை மறந்திடாதை. பிறகு நிறஞ்சலா என்னைச் செத்திட்டான் எண்டு நினைச்சுப்போடுவாள்."

அவன் வங்காலையான். கலியாணம் முடித்து எங்கள் பக்கம் வயல் செய்ய வந்தவன். ஆர்மோனியம் வாசிப்பான், உழவு இயந்திரம் ஓட்டுவான், வாய் ஓயாது. எனக்கு உடன்பிறந்தவர் இல்லை. அந்த இடத்தில் அவனைத்தான் வைத்திருந்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். பிறத்தியான் செய்திருந்தால் எனக்கு அவ்வளவு நொந்திருக்காது.

இரண்டாயிரத்து எட்டில் சனம் எல்லாம் ஊரை விட்டு வன்னிக்குள் போனபோது, நான் வசந்தமலரோடு சைக்கிளில் போனேன், அவன் உழவு இயந்திரத்தில் போனான். என்னிடம் ஒரு தகரப் பெட்டி இருந்தது. கேட்டவர்களுக்குக் கொடுத்தது போக, கையில் கரித்துண்டு எடுத்த நாளில் இருந்து கீறிய முகங்கள் எல்லாம் அதற்குள்தான். கேதீஸ்வரத்து நாதஸ்வரக்காரர், தவில்காரர், அண்ணாவிமார், தவக்காலத்தில் பசாம் பாடுகிற பெண்கள். பாதிப்பேர் அப்போதே உயிரோடு இல்லை. மழைக்குப் பயந்து பெட்டியை லோறன்சிடம் கொடுத்தேன். "என்ர ஆர்மோனியத்தைப் பாக்கிற மாதிரிப் பாப்பன், நீ யோசியாதை" என்று சொல்லி, தன் கையாலேயே தூக்கி ஏற்றினான்.

சில மாதம் கழித்து விசுவமடுப் பக்கம் அவனுடைய கொட்டிலைக் கண்டுபிடித்துப் போனேன். பட்டப்பகல். கிடுகுத் தட்டியின் ஓட்டைகளை எல்லாம் கறுப்புத் தாளால் அடைத்திருந்தான். உள்ளே போய் நின்ற பிறகுதான் கண்டேன். என்னுடைய ஆட்கள். தவில்காரருடைய நெற்றியில் தடி குத்தியிருந்தது. அண்ணாவியார் ஒருவர் தலைகீழாக நின்றார். மழைத்தண்ணி இறங்கி, விளக்குப் புகை பிடித்து, ஒருவருக்கும் முகம் இல்லை. விளக்கைச் சுற்றியும் நாலு தாள். இரவில் வெளிச்சம் வெளியே தெரிந்தால் மேலே சுற்றுகிறவன் குண்டு போடுவான் என்று அப்போது எல்லாரும் எதையாவது கட்டி மறைப்பார்கள்தான். அது எனக்கும் தெரியும்.

"பிள்ளை பிறந்திட்டுது மச்சான்," என்றான் லோறன்ஸ். "இருட்டுக்குள்ள பிள்ளைக்குப் பால் குடுக்க ஏலாதாம். வேற என்ன கிடந்தது எனக்கு?"

பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினான். அபிசா என்று பெயர் வைத்திருந்தான். நல்ல பிள்ளை. நிறஞ்சலா தந்த தேத்தண்ணியைக் குடித்தேன். குடிக்கும்போது மூலையில் ஆர்மோனியத்தைக் கண்டேன். இரண்டு சுற்றுப் பொலித்தீனால் கட்டி, பலகைக்கு மேலே, ஒரு சொட்டுத் தண்ணி படாமல் வைத்திருந்தான். அங்கேதான் என் நெஞ்சு விட்டுப்போனது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். என்னுடைய கூட்டாளியே அப்படி இருப்பான் என்று நினைத்ததில்லை.

யுத்தம் முடிகிற நேரம் எனக்குக் காலில் காயம். கப்பலில் ஏற்றி, பிறகு பஸ்ஸில் தெற்கே ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாவது கட்டிலில் லோறன்ஸ் கிடந்தான். தலையில் கட்டு. பேச்சில்லை, ஆளை அறியவில்லை. கட்டிலில் தொங்கிய மட்டையில் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. ஆனால் விரல்கள் மட்டும் போர்வையில் ஓடிக்கொண்டிருந்தன. ஆர்மோனியம்தான். தாதி என்னிடம் வந்து, இவரைத் தெரியுமா என்று அரைகுறைத் தமிழில் கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். யோசித்துப் பாருங்கள். நான் பெயரைச் சொன்னால் நிறஞ்சலா வருவார். கூட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பார். அவன் தேறுவான், அடுத்த திருநாளுக்கு மேடையில் இருப்பான். என் பெட்டிக்குள் இருந்தவர்களில் ஒருவராவது அப்படித் திரும்பி வருவாரா? நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

மீள்குடியேற்றத்தில் நாங்கள் இங்கே வந்தோம். நிறஞ்சலா பிள்ளையோடு வங்காலைக்குத் தாய் வீட்டுக்குப் போனார். கந்தோர் கந்தோராக, முகாம் முகாமாக அலைந்தார். காட்டுவதற்கு ஒரு போட்டோகூட இல்லை, எல்லாம் வன்னியில் போய்விட்டது. ஒருநாள் இந்தக் கதிரையில்தான் இருந்து கேட்டார்.

"மாஸ்டர், நீங்கள் ஆஸ்பத்திரியில இருந்தனீங்கள்தானே. அவரைக் கண்டனீங்களோ?"

"அங்க எத்தினை சனம், நிறஞ்சலா," என்றேன்.

அது பொய் இல்லை. சனம் நிறையத்தான் இருந்தது.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் வங்காலைத் திருநாளுக்கு, கூத்துக்கு வாசித்த பழைய ஆட்களை எல்லாம் மண்டபத்தில் படமாக வைக்க வேண்டும் என்று பாதர் தோமஸ் கேட்டுவந்தார். யாரிடமும் போட்டோ இல்லை. என் ஞாபகத்தில் மட்டும்தான் அவர்கள் இருந்தார்கள். கொழும்பிலிருந்து நல்ல தாளும் கரித்துண்டும் எடுப்பித்துத் தந்தார். சந்தோசமாகக் கீறினேன். லோறன்சையும் கீறினேன். ஆர்மோனியத்துக்கு மேலே சரிந்த தலை, பாதி திறந்த வாய். புள்ளி வைக்க வேண்டிய இடம் வந்தது. கரித்துண்டை எடுத்தேன், திரும்பக் கீழே வைத்துவிட்டேன்.

நான் எதையும் போடவில்லை, பிள்ளை. இதைக் கவனமாக எழுதுங்கள். அவன் செத்துவிட்டான் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. புள்ளி வைக்காமல் விட்டேன். விட்ட இடம் தாளுடையது.

திருநாளன்று துணியை விலக்கினார்கள். சனம் படங்களைப் பார்த்துப் பெயர் சொல்லிக்கொண்டு போனது. நிறஞ்சலா மற்றப் படங்களை எல்லாம் முதலில் பார்த்தார், ஒவ்வொன்றிலும் கண்ணை மட்டும். பிறகுதான் லோறன்சின் படத்துக்கு முன்னால் போனார். அங்கே கனநேரம் நின்றார். பிள்ளை சேலையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றது. பிறகு என்னிடம் வந்தார்.

"வாயால சொல்ல ஏலாமல்தானே, மாஸ்டர், இப்பிடிச் சொன்னனீங்கள்?" என்றார். "உங்களுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு. கடவுள் உங்களை நல்லா வைச்சிருப்பார்."

என் இரண்டு கையையும் பிடித்து நன்றி சொன்னார். அடுத்த கிழமை இறந்தோர் பூசை வைத்தார்கள். தாலியைக் கழற்றினார். அதோடு தேடுவதையும் விட்டுவிட்டார். வசந்தமலர் பூசைக்குப் போய் வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவள் கொஞ்சம் இளகின மனம்.

அந்த ஆவணி விடுமுறையில் நான் லோறன்சைத் தேடிப் போனேன். ஆஸ்பத்திரியில் இருந்து அவனைத் தெற்குக் கரையோரம் ஒரு பராமரிப்பு இல்லத்துக்கு மாற்றியிருந்தார்கள். நான் தமையன் என்று சொன்னேன். அங்கே தமிழ் தெரிந்தவர்கள் இல்லை. ஒரு சொந்தக்காரன் வந்ததே அவர்களுக்குப் பெரிய ஆறுதல். எதற்காகப் போனேன் என்று கேட்டால், எல்லாவற்றையும் சொல்லி அவனுடைய முகத்தைப் பார்க்கத்தான் போனேன். உன் பெண்சாதி தாலியைக் கழற்றிவிட்டாள், நீ என் ஆட்களைப் புகைக்குக் கொடுத்ததற்கு இது என்று சொல்ல வேண்டும் போல இருந்தது.

ஆனால் அவன் விறாந்தையில் ஒரு பிளாஸ்ரிக் மேசைக்கு முன்னால் இருந்து, அந்த மேசையை வாசித்துக்கொண்டிருந்தான். காலை வெயில் பக்கத்தில் இருந்து விழுந்தது. ஆள் மெலிந்து கன்னம் ஒட்டி, எலும்பெல்லாம் வெளிச்சம் வாங்கியது. அப்படி ஒரு முகம் எனக்கு அதற்கு முன் வாய்த்ததே இல்லை. நான் தாளை எடுத்தேன்.

அன்றிலிருந்து பள்ளிக்கூட விடுமுறை தவறாமல் போனேன். வீட்டில் பயிற்சி வகுப்பு என்று சொல்லுவேன். போகும்போது பிஸ்கற், பழம், உடுக்க ஒரு சாரம் கொண்டுபோவேன். வேறு யார் அவனுக்கு அதைச் செய்தார்கள்? என் பெட்டிக்குப் பதிலாக அவன் முகம் தருகிறான் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குக் கோபம்கூடக் குறைந்துவிட்டது.

இரண்டாம் வருடம் அவனுக்குக் கொஞ்சம் பேச்சு வந்தது. என்னை "மச்சான்" என்றான். எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. பிறகு, "நிறஞ்சலா எங்க?" என்றான்.

"வருவா. வாயை அசைக்காதை, கீறுறன்."

அவன் வாயை மூடிக்கொண்டான். முந்தியும் அப்படித்தான், சொன்னபடி இருப்பான். அடுத்த முறை போனபோது, "பிள்ளை நடக்கிறாளோ?" என்று கேட்டான். ஒவ்வொரு முறையும் இந்த இரண்டு கேள்விதான். நானும் ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னேன். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்போது அவனுடைய முகம் இன்னும் நன்றாக வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

டொக்டர் ஒருமுறை என்னைக் கூப்பிட்டு, வீட்டாரோடு இருந்தால் இவர் நன்றாகத் தேறுவார், கூட்டிப்போகலாம் என்றார். வீட்டுத்திட்ட வீடு இன்னும் முடியவில்லை என்றேன். அதுவும் பொய் இல்லை. எங்கள் குசினிக்கு அப்போது கூரை போட்டிருக்கவில்லை.

அந்தப் படங்களை அலுமாரிக்கு மேலே துணி சுற்றி வைத்திருந்தேன். போன கிழமை வசந்தமலர் ஒட்டறை அடிக்க ஏறியிருக்கிறாள். எடுத்துப் பார்த்திருக்கிறாள். இந்தப் படத்தை நன்றாகப் பாருங்கள். தலைமயிர் வெள்ளை. கறுப்பு மயிர் என்றால் நான் கரித்துண்டால் தொட்டிருக்கவே மாட்டேன், தாளை விட்டிருப்பேன். நரைத்த மயிரைத்தான் கீற வேண்டும். காணாமல் போனபோது லோறன்சுக்கு ஒரு நரை இல்லை. செத்தவனுக்குத் தலை நரைக்குமா என்று அவள் யோசித்திருக்கிறாள். பிறகு கண்ணைப் பார்த்திருக்கிறாள். இரண்டு கண்ணிலும் புள்ளி இருக்கிறது. என் மனைவிக்கு அதை வாசிக்க யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

ஏன் புள்ளி வைத்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். வைக்காமல் விட்டிருந்தால் இன்றைக்கு நீங்கள் வந்திருக்க மாட்டீர்கள். என்னால் முடியவில்லை, பிள்ளை. ஆள் முன்னால் இருந்து மூச்சு விடுகிறான், கண்ணில் வெயில் மினுங்குகிறது. அதை விடுவது களவு இல்லையா?

அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் மேலே இருந்த இந்த ஒன்றை உருவிச் சுருட்டிக்கொண்டு, வங்காலைக்கு பஸ் ஏறிவிட்டாள். பதினேழு வருடம் ஒரே பானையில் சாப்பிட்டவள். முதலில் கூட்டாளி, பிறகு பெண்சாதி. நம்பிக் கொடுத்தவர்கள் எல்லாம் என் படங்களைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு இதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

சரி, உங்களுடைய கேள்விக்கு வருகிறேன். வசந்தமலர் மேலே இருந்ததைத்தான் எடுத்தாள், அடியில் இருந்ததைப் பார்க்கவில்லை. இந்தாருங்கள், இதுதான் அது. போன சித்திரை விடுமுறையில் கீறியது.

நான் போனபோது அவனுக்கு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. கட்டிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். காலைச் சாப்பாட்டுப் பாண் தொடாமல் பக்கத்தில் கிடந்தது. என்னைக் கண்டதும் நிறஞ்சலாவைக் கேட்டான். நான் வழமையாகச் சொல்வதைச் சொன்னேன். அவன் வாயை மூடிக்கொண்டு கண்ணைக் கதவில் வைத்தான். கீறத் தொடங்கினேன். முகத்தை முடித்து, புள்ளியும் வைத்து, தோளைக் கீறிக்கொண்டிருக்கும்போது அவனுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. ஆட்கள் அடுத்த அறையில்தான் இருந்தார்கள். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார்கள். ஒட்சிசன் சிலிண்டரும் அங்கேதான் நின்றது. ஆனால் யன்னல் வெளிச்சம் அவனுடைய கையில் அப்போதுதான் சரியாக விழுந்திருந்தது. விரல்கள் கட்டில் சட்டத்தில் வாசித்துக்கொண்டிருந்தன. ஓடிப்போய்த் திரும்பி வந்தால் அந்தக் கை எனக்குக் கிடைக்காது என்று நினைத்தேன்.

விரல்கள் நின்ற பிறகு, அவன் சாப்பிடாமல் வைத்திருந்த பாணில் ஒரு துண்டு பிய்த்து உருட்டி, இரண்டு புள்ளியையும் ஒற்றி எடுத்தேன். அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன். தமையன் என்று கையெழுத்து வைத்து, அங்கேயே பொதுச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வந்தேன். சிலுவை நட்டிருக்கிறேன். நிறஞ்சலாவுக்கு இடம் காட்ட வேண்டும் என்றால் நானே கூட்டிக்கொண்டு போவேன்.

நீங்கள் எழும்ப வேண்டாம், இன்னும் ஒன்று இருக்கிறது. திரும்பி வந்த கையோடு வங்காலை மண்டபத்துக்குப் போனேன். அங்கே தொங்குகிற முதல் படத்துக்குப் பக்கத்தில் இதைப் பிடித்துப் பார்த்தேன். மயிர் மட்டும்தான் வேறு. கண் இரண்டு படத்திலும் ஒரே மாதிரித்தான் இருந்தது. எனக்கு மனம் ஆறிப்போனது. படலைக்குப் போனதும் நிறஞ்சலாவிடம் இதை மட்டும் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். மாஸ்டர் பொய் கீறவில்லை. கொஞ்சம் முந்திக் கீறிவிட்டார், அவ்வளவுதான்.